ஐஸ் கரையும் வேகம், சுருட்டு எரியும் வேகம்

ஹவானா போய் வந்தவர்களின் படங்களில் ஒரு கையில் மொஹிட்டோவும் மறு கையில் சுருட்டும் இருக்கும். படத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புதினா, எலுமிச்சை, சோடா சேர்ந்த அந்த ரம் பானத்தில் ஒரு மிடறு குடித்துவிட்டுப் புகையை இழுத்தால், புளிப்பு புகையிலையின் இனிப்பை அமுக்கிவிட்டுக் காரத்தை மட்டும் மிச்சம் வைக்கும். டைக்கிரியும் இப்படித்தான். சான்டியாகோ டி கியூபாவுக்குப் பக்கத்து ஊரின் பெயரைக் கொண்ட அருமையான பானம், ஆனால் சில்லிப்பு போவதற்குள் குடித்துவிட வேண்டும். ரோபஸ்டோ அளவுச் சுருட்டோ முக்கால் மணி நேரமாவது எரியும்.

இந்த நேரக் கணக்கை யாரும் சொல்வதில்லை. சுருட்டு எரிய எரிய வலுக்கும்; புகையில் உள்ள ஈரமும் பிசினும் வாய்ப்பக்கத்து இலையில் படிந்துகொண்டே வரும். ஐஸ் போட்ட பானமோ நேரமாக ஆக நீர்க்கும். எதிரெதிர்த் திசையில் போகும் இரண்டையும் நடுவில் சந்திக்க வைப்பதுதான் நம் வேலை.

முதலில் சாப்பிட்டுவிடுங்கள். சுருட்டுப் புகையை நுரையீரலுக்குள் இழுப்பதில்லை. ஆனாலும் வாயின் உட்தோல் வழியாகவே நிகோடின் ரத்தத்தில் கலந்துவிடும். வெறும் வயிற்றில் ரம்மும் சேர்ந்தால் தலை சுற்றிக் குமட்டும். (உட்தோல் வழி என்பதால் தீங்கு குறைவு என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம்.) பொது இடத்தில் புகைப்பதற்குத் தடை இருப்பதால் நமக்கு வீட்டு மொட்டைமாடிதான் சரி. காற்று அடிக்காத மூலையாகப் பாருங்கள், காற்றில் ஒரு பக்கம் மட்டும் வேகமாக எரியும்.

சுருட்டுக்கு பார்த்தாகாஸ் சீரீ டி நம்பர் 4 என்று வைத்துக்கொள்வோம். 124 மில்லிமீட்டர் நீளம், 50 ரிங் கேஜ், அதாவது ஓர் அங்குலத்தின் 64-இல் 50 பங்கு விட்டம். செடியின் உச்சியில் வெயில் குடித்து வளரும் லிஹேரோ இலைதான் இத்தகைய சுருட்டுகளுக்குக் காரம் தருவது. அதை நடுவில் வைத்துச் சுருட்டுவார்கள். மூடிய முனையில் தொப்பி மாதிரி ஒட்டிய இலைத்துண்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள். கீழே இறங்கி வெட்டினால் மேலுறை பிரிந்துவிடும். திண்டுக்கல் சுருட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, இரு முனையும் திறந்தே வரும்.

பற்றவைக்கும்போது தீயை நேரடியாக வைக்காமல், முனையைச் சுடருக்குச் சற்று மேலே பிடித்துச் சுழற்றுங்கள். விளிம்பு முழுக்கக் கருகிய பிறகு வாயில் வைத்து இழுங்கள். பெட்ரோல் லைட்டர் வேண்டாம். அதன் வாடை கடைசிவரை போகாது. தீக்குச்சி என்றால் மருந்து எரிந்து முடியும்வரை பொறுங்கள்.

முதல் மூன்றில் ஒரு பங்குக்குத் தண்ணீர் மட்டும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். அவசரப்பட்டால் கங்கு சூடேறிக் கசக்கும். இந்தப் பகுதியில் கேதுரு மரம், வறுத்த கொட்டை போன்ற மெல்லிய வாசனைகள் வரும். ரம் இருந்தால் அவை காணாமல் போகும்.

இரண்டாம் பகுதி தொடங்கும்போது சுருட்டைச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டு எழுந்திருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் அணையாது. நாம் கலக்கப்போவது ரம் ஓல்டு ஃபேஷன்ட். கோப்பையில் 60 மி.லி., அதாவது ஒரு லார்ஜ், ஹவானா கிளப் 7. ஒரு தேக்கரண்டிக்குச் சற்று அதிகமாகச் சர்க்கரைப் பாகு. சம அளவு நாட்டுச் சர்க்கரையும் தண்ணீரும் கரைத்தது. ரம் கரும்பிலிருந்து வந்ததுதானே, வெள்ளைச் சர்க்கரையைவிட இதுதான் ஒட்டும். அங்கோஸ்துரா பிட்டர்ஸ் இரண்டு சொட்டு. தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாரின் படையில் இருந்த ஜெர்மானிய மருத்துவர் சீகர்ட் 1824-இல் வயிற்றுக்கு மருந்தாகச் செய்தது இது. புகையிலையின் கசப்புக்கும் ரம்மின் இனிப்புக்கும் பாலம் இதுதான். உள்ளங்கையில் பாதியை நிரப்பும் ஒரே ஐஸ் கட்டியைப் போட்டு அரை நிமிடம் கலக்குங்கள். சிறு கட்டிகள் பத்தே நிமிடத்தில் கரைந்து பானத்தைக் கெடுத்துவிடும். ஆரஞ்சுத் தோலை மேலே பிழிந்து எண்ணெய் மட்டும் தெறிக்க விடுங்கள். சாறு விழக் கூடாது.

ஓல்டு மாங்கு மட்டும்தான் கிடைக்கிறது என்றால் குறை ஒன்றுமில்லை. வெனிலா வாசனையும் இனிப்பும் அதிலேயே தூக்கலாக இருப்பதால் பாகைப் பாதியாக்குங்கள். மிதமான சுருட்டு அதன்முன் நிற்காது, காரமானது வேண்டும்.

இனி முறை: முதலில் இழுப்பு, புகையை விட்டுச் சில நொடி இடைவெளி, பிறகு மிடறு. மாற்றிச் செய்தால் குளிர்ந்த நாக்கில் புகை சப்பென்று படும். இரண்டு மூன்று இழுப்புக்கு ஒரு மிடறு என்று போனால் பானம் சுருட்டோடு ஓடிவரும்.

கடைசிப் பகுதியில் சுருட்டு மிளகு போல் கார்க்கும்போது, கோப்பையில் பாதி தண்ணீராகியிருக்கும். அங்கேதான் பலர் ஐஸைச் சேர்க்கிறார்கள், தவறு. அரை ஸ்மால், 15 மி.லி. ரம்மை மட்டும் மேலே ஊற்றுங்கள். பாகும் பிட்டர்ஸும் வேண்டாம். எனக்கு மொத்தத்தில் பிடித்த கட்டம் இதுதான்.

விரலில் சூடு தெரிந்ததும் நிறுத்துங்கள். நசுக்கி அணைத்தால் நாற்றம் கிளம்பும், கிண்ணத்தில் வைத்தால் தானே அணையும். விலை கொடுத்ததாயிற்றே என்று துண்டை மறுநாளைக்கு எடுத்துவைப்பவர்கள் உண்டு. அது பழைய சாம்பல் ருசிதான் தரும், குப்பையில் போடுங்கள்.