கிதாரின் மேரு

காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் கிதாரின் எஃகுத் தந்திகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. மாற்றும்போது தடித்த தந்தி வாங்கிவிட்டால் அது பழைய பள்ளத்தில் முழுதும் அமராது. விரல் நோகும், அழுத்தினால் சுருதியும் ஏறிவிடும். அப்போது திருத்த வேண்டியது, கழுத்தின் தலைமாட்டில் தந்திகளைத் தாங்கும் 'நட்' என்னும் சிறு துண்டு. வீணையில் இதனை மேரு என்பர்.

முதலில் சோதனை. இரண்டாம், மூன்றாம் மெட்டுகளுக்கு இடையே தந்தியை அழுத்துங்கள். முதல் மெட்டுக்கு மேல் மெல்லிய தாள் நுழையும் இடைவெளி போதும். மிகுந்திருந்தால் மட்டுமே அராவுக.

வேண்டுவன மூன்று: தந்தியின் பருமனுக்கேற்ற நுண் அரம், நயமான உப்புத்தாள், ஒரு பென்சில். அரத்தை முறுக்காணிப் பக்கம் சற்றே சரித்து நாலைந்து இழுப்பு இழுத்ததும், தந்தியைப் பூட்டி மீண்டும் சோதிக்க வேண்டும். சரியானதும் உப்புத்தாளால் பள்ளத்தை வழுவழுப்பாக்கிப் பென்சில் கரி தடவினால் தந்தி சிக்காது.

பள்ளம் ஆழமாகிவிட்டாலோ, வெறுந்தந்தி முதல் மெட்டில் உரசி இரையும். தம்பூராவின் ஜீவா நூல் விலகினால் பழைய இடத்திற்கே நகர்த்தலாம். அராவியது திரும்பி வராது. ஆதலால் நண்பர்களே, அரம் பிடிக்கும் கைக்குப் பொறுமையே முதற்கருவி.