நானும் நாலு சுற்றும்!

விடிகாலை ஐந்து மணி. இட்லி மாவைக் கலக்கி வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக் கொண்டிருந்தேன். கூடத்தில் படுத்திருந்த அத்தை (என் மாமியாரைத்தான் சொல்கிறேன்) தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, தினமும்தான் ரேஸ் கோர்ஸைச் சுத்திட்டு வர்றே. இன்னிக்கென்ன இத்தனை சீக்கிரமா?"

"இன்னிக்கு நேரு ஸ்டேடியத்துக்குப் போறனுங்க அத்தை. கொஞ்சம் பேர் சேர்ந்து ஓடறாங்களாம். வேகமா ஓடறதுக்குச் சொல்லிக் குடுப்பாங்களாம்."

"வேகமா ஓடி எந்த பஸ்ஸைப் பிடிக்கப் போறே?"

சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

எனக்கு வயது 39. இரண்டு குழந்தைகள். சின்னவன் பிறந்த பிறகு எடை ஏறிக்கொண்டே போயிற்று. "சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடங்கள்" என்றார் டாக்டர். நடந்தேன். நடை மெல்ல ஓட்டமாயிற்று. 5 கிலோ மீட்டரை 35 நிமிடத்தில் ஓடும் அளவுக்குத் தேறினேன். அதற்கப்புறம் ஆறு மாதமாகியும் அந்த 35 நிமிடம் அரை நிமிடம்கூடக் குறையவில்லை. "செவ்வாய்க்கிழமை எங்களோட வா, விட்டு விட்டு ஓடிப் பாரு" என்று தோழி ஒருத்தி கூப்பிட்டாள்.

பாலைக் காய்ச்சுவது போல...

விட்டு விட்டு ஓடுவதா? எனக்கும் முதலில் புரியவில்லை. பயிற்சியாளர் விளக்கினார்.

ஒரு சுற்று, அதாவது 400 மீட்டர், வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஓட வேண்டும். பிறகு அரைச் சுற்று நடை. மறுபடி ஒரு சுற்று ஓட்டம். பழகியவர்களுக்கு இப்படி 8 தடவை, புதியவர்களுக்கு 4.

நம் பாஷையில் சொன்னால், பால் காய்ச்சுகிற கதைதான். பொங்கி வரும்போது அடுப்பைத் தணிக்கிறோம். அடங்கியதும் மறுபடி ஏற்றுகிறோம். பொங்கி வழியவும் விடுவதில்லை, ஆறவும் விடுவதில்லை. அதே வேகத்தில் ஒரே மூச்சாக ஓடினால் சீக்கிரமே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவோம். நடுநடுவே ஓய்வு கொடுத்தால், மொத்தத்தில் அதிக நேரம் அந்த வேகத்தில் ஓட முடிகிறது. இதயமும் கால் தசைகளும் அந்த வேலைக்குப் பழகிக் கொள்கின்றன.

இந்த முறையில் பேர் போனவர் செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாடோபெக். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கியவர். 5,000 மீட்டரில் அவர் ஜெயித்த அதே நாளில் அவர் மனைவி டானா ஈட்டி எறிதலில் தங்கம் வாங்கினார்! அழுக்குத் துணியைத் தொட்டியில் ஊறப்போட்டு, அதன் மேல் நின்ற இடத்திலேயே ஓடித் துவைப்பார் ஸாடோபெக் என்று ஒரு கதையும் உண்டு. நம் வீட்டுக்காரர்கள் காதில் போட வேண்டிய சமாசாரம்!

அந்த மூன்றாவது சுற்று

முதலில் இரண்டு சுற்று மெல்லோட்டம். பிறகு முழங்காலை உயர்த்துவது, குதிகாலைப் பின்னால் தட்டுவது என்று பத்து நிமிடம். உடம்பு சூடானதும், வேகத்துக்குத் தக்கபடி எங்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். காலேஜ் பெண்கள், பாங்கில் வேலை பார்ப்பவர்கள், ரிடையரான டீச்சரம்மா ஒருவர் என்று எல்லா வயசிலும் இருந்தார்கள்.

"உங்களுக்கு ஒரு சுற்றுக்கு 2 நிமிஷம் 40 செகண்ட் போதும். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒரே நேரத்தில் வரணும். அதுதான் கணக்கு" என்று சொல்லித்தான் விட்டார் பயிற்சியாளர். விசில் ஊதியதும் எனக்கு எல்லாம் மறந்து போயிற்று! முன்னால் ஓடின காலேஜ் பெண்ணின் பின்னலைப் பார்த்துக்கொண்டே பறந்தேன். 2 நிமிடம் 10 செகண்ட்!

"யாரோட போட்டிங்க உங்களுக்கு?" என்றார் பயிற்சியாளர்.

இரண்டாவது சுற்று 2 நிமிடம் 31. தொண்டை வறண்டு, கால் கல்லாகக் கனத்தது. மூன்றாவது சுற்றில் பாதி தாண்டியிருப்பேன். அப்போதுதான் அது நடந்தது. என்னையும் அறியாமல் சிறுநீர் கசிந்துவிட்டது.

சகோதரிகளே, இதை எழுதலாமா கூடாதா என்று நான் பல நாள் யோசித்தேன். தும்மும்போது, இருமும்போது, குடத்தைத் தூக்கும்போது நம்மில் எத்தனையோ பேருக்கு இது நடக்கிறது. யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஓட்டத்தை நிறுத்திவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றேன். இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவே செய்துவிட்டேன்.

டீச்சரம்மா வந்தார். என் முகத்தைப் பார்த்தார், இடுப்புத் துப்பட்டாவைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

"எனக்கும் இருந்துச்சு கண்ணு. இரண்டு பிரசவத்துக்கப்புறம் பதினாறு வருஷம் வெளியே சொல்லாம வச்சிருந்தேன். டாக்டர்கிட்டப் போனப்புறம் மூணே மாசப் பயிற்சி. நீ நின்னுடாதே."

வெட்கம் எதற்கு?

அந்த வாரமே மகளிர் டாக்டரிடம் போனேன். சிறுநீர்ப் பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்கும் தசைகள் ஒரு தொட்டில் மாதிரி இருக்கின்றன. கர்ப்பத்திலும் பிரசவத்திலும் அவை தளர்ந்து போகின்றன. ஓடும்போதும் குதிக்கும்போதும் வயிற்றின் அழுத்தம் கீழே இறங்கும். தளர்ந்த தசையால் தாங்க முடிவதில்லை. இதற்கான பயிற்சி சுலபம். செலவும் கிடையாது.

காற்றையும் சிறுநீரையும் அடக்குவது போல அந்தத் தசைகளை உள்ளுக்குள் மேலே இழுங்கள். வயிறு, தொடை, பிருஷ்டம் இறுகக் கூடாது. மூச்சையும் பிடிக்கக் கூடாது. முடிந்த அளவு எண்ணிவிட்டு மெல்லத் தளர்த்துங்கள். நாளடைவில் 10 எண்ணும்வரை பிடிக்கலாம். ஒரு வேளைக்கு 8 தடவை. தினம் 3 வேளை. குறைந்தது 3 மாதம். உட்கார்ந்தும் செய்யலாம், காய் நறுக்கியபடியும் செய்யலாம். சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் கூடாது. கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதும் தவறு. பயிற்சிக்கும் அடங்காவிட்டால் டாக்டரிடம் அவசியம் காட்டுங்கள்.

'பெண் உடம்பு ஓடத் தாங்காது' என்று ஒரு காலத்தில் உலகமே சொல்லிக்கொண்டிருந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். முடிவில் அவர்கள் துவண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. விளைவு, 1960 வரை ஒலிம்பிக்கில் 200 மீட்டருக்கு மேல் பெண்களுக்கு ஓட்டப் பந்தயமே இல்லை! 1967-ல் பாஸ்டன் மாரத்தானில் எண் அணிந்து ஓடிய காத்ரின் ஸ்விட்சரை, ஓட்டத்தின் நடுவிலேயே ஓர் அதிகாரி பிடித்து இழுத்தார். ஆனாலும் அவர் ஓடி முடித்தார். பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வந்ததே 1984-ல்தான். அவர்களையெல்லாம் நினைத்தால், நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றதற்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

டிராக்கில் கால் வைக்குமுன்

* இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் வேக ஓட்டத்தில் இறங்காதீர்கள். சோகை இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். பிரசவம் ஆனவர்கள் குறைந்தது 3 மாதம் பொறுத்து, டாக்டர் சரி என்ற பிறகே ஓட வேண்டும்.

* சில மாதமாவது மெல்லோட்டம் பழகியிருக்க வேண்டும். வேகப் பயிற்சி வாரத்துக்கு ஒரு நாள் போதும். மறுநாள் நடை அல்லது ஓய்வு.

* டிராக்கில் இடச்சுற்றாகத்தான் ஓட வேண்டும். உள்பக்கத்து முதல் பாதை வேகமாக ஓடுகிறவர்களுக்கு. நடக்கிறவர்கள் வெளிப்பாதைக்குப் போய்விட வேண்டும். அங்கே சுற்று நீளம். எட்டாவது பாதையில் ஏறக்குறைய 453 மீட்டர்! குறுக்கே போகுமுன் இரு பக்கமும் பாருங்கள்.

* ஓடுமுன் சிறுநீர் கழித்துவிடுங்கள். மார்பை நன்றாகத் தாங்கும் உள்ளாடை அவசியம்.

* நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதீர்கள்.

எட்டு தடவைதானே?

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. 2.41, 2.39, 2.40... நான்காவது சுற்று 2.38! அந்தப் பின்னல் பெண் எனக்கு வெகு தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். போகட்டும்! துணி நனையவில்லை. டீச்சரம்மா கோட்டருகே நின்று கை தட்டினார்.

அன்று அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கசிந்ததை, டாக்டரை, பயிற்சியை. அத்தை முருங்கைக்கீரையை ஆய்ந்தபடி கேட்டுக் கொண்டிருந்தார். பதில் பேசவில்லை.

எங்கள் அத்தை பழனிக்குப் போய் ஆறு வருடமாகிறது. கூப்பிடும்போதெல்லாம் "முட்டி வலிக்குது, பஸ்ஸுல அத்தனை நேரம் ஆகாது" என்பார். நாங்களும் முட்டி வலி என்றே நம்பிக்கொண்டிருந்தோம்.

ராத்திரி விளக்கை அணைக்கப் போனபோது, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த அத்தை மெல்லக் கேட்டார்:

"ஒரு வேளைக்கு எட்டு தடவைதானே கண்ணு?"