வீடு வந்த பின்னும் காவல் காக்கும் மூளை

மாணவர்களே, 'மல்பாட்: மிசி பக்காரா' திரைப்படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகாடிஷு நகரில் சிக்கிக்கொண்ட அமெரிக்க வீரர்களை மீட்க, ஐநா படையில் இருந்த மலேசிய வீரர்கள் கொண்டோர் கவச வாகனங்களில் சென்ற உண்மை நிகழ்வு அது. நம் வீரர் மாட் அஸ்னான் அவாங் அதில் உயிரிழந்தார். மற்றவர்கள் வீடு திரும்பினார்கள். 2007 முதல் லெபனானிலும் நம் வீரர்கள் ஐநா அமைதிப் படையில் பணியாற்றியிருக்கிறார்கள். 2024 நவம்பரில் சிடோன் நகருக்கு அருகே நடந்த டிரோன் தாக்குதலில் அவர்களில் சிலர் காயமடைந்தனர்.

அப்படித் திரும்பி வருபவர் உங்கள் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வீடே மகிழ்கிறது. சில வாரங்களில் அம்மா, "இவன் முன்ன மாதிரி இல்லையே" என்று கவலைப்படுகிறார். அண்ணன் இரவில் தூங்குவதில்லை. சாப்பாட்டுக் கடையில் சுவரோரமாக, வாசலைப் பார்த்தபடிதான் உட்காருகிறார். தீபாவளி நேரத்தில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பட்டாசு வெடித்ததும் வெளிறிப்போகிறார். ஏன்?

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பு வடிவில் அமிக்டலா என்ற பகுதி உண்டு. அதை ஒரு காவலாளி எனலாம். வெடிச் சத்தம் கேட்டால், அது என்ன சத்தம் என்று நாம் யோசித்து முடிக்கும் முன்பே எச்சரித்துவிடும். உடனே, சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் இறுகும். இது கோழைத்தனம் அல்ல. போர்க்களத்தில் உயிரைக் காப்பது இந்த வேகம்தான்.

பக்கத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ், ஒரு நிகழ்ச்சி எங்கே, எப்போது நடந்தது என்பதைப் பதிவு செய்ய உதவுகிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, "இது வெறும் பட்டாசுதான்" என்று காவலாளியை அமைதிப்படுத்துகிறது. கடும் அதிர்ச்சிக்குப் பிறகு இவற்றின் ஒத்துழைப்பு குலையலாம். அப்போது பழைய நினைவு, 'அன்று அங்கே நடந்தது' என்று இல்லாமல் 'இப்போது இங்கே நடக்கிறது' என்பது போலத் தோன்றும்.

ஆனால் மூளை மறுபடியும் கற்றுக்கொள்ளக்கூடியது. பயந்த சத்தத்தைக் கேட்டும் தீங்கு எதுவும் நேராத அனுபவம் பலமுறை கிடைத்தால், 'இங்கே ஆபத்தில்லை' என்ற புதிய பாடம் பதியும். பழைய பாடம் முற்றிலும் அழிவதில்லை, புதியது வலுப்பெறுகிறது. அதற்கு நாள் பிடிக்கும்.

நம் ஊருக்குப் புதிதல்ல

இரண்டாம் உலகப் போரின்போது, மலாயாவைச் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பனும் ராசம்மா பூபாலனும் பதின்ம வயதிலேயே ஜான்சி ராணி படையில் சேர்ந்து பர்மா வரை சென்று திரும்பினார்கள். பின்னர் ஜானகி பொதுவாழ்வில் ஈடுபட்டார், ராசம்மா ஆசிரியரானார். போரிலிருந்து திரும்புவோரின் மனத் துன்பம் 1980இல்தான் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம்' என்ற பெயரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. போருக்குப் போன எல்லாருக்கும் இது வருவதில்லை. வந்தாலும் சிகிச்சை உண்டு.

வீட்டில் என்ன செய்யலாம்?

• போர்க் கதை கேட்டு நச்சரிக்காதீர்கள். அதிர்ச்சிக்கு உள்ளானவரை உடனே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லச் செய்வதால் பலனில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உறவினர் யாராவது "எத்தனை பேரைச் சுட்டே?" என்று கேட்டால் பேச்சை மாற்றுங்கள். அண்ணன் தானாகப் பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள்.

• முன்கூட்டியே சொல்லுங்கள். "ராத்திரி பக்கத்து வீட்டில் பட்டாசு வெடிப்பாங்க அண்ணா" என்ற ஒரு வார்த்தை, திடீர் அதிர்ச்சியைக் குறைக்கும்.

• கெட்ட கனவில் அலறினால் தொட்டு உலுக்காதீர்கள். பாதி விழிப்பில் அவர் உங்களை எதிரி என்று நினைத்துத் தாக்கக்கூடும். தள்ளி நின்று விளக்கைப் போட்டு, மெதுவாகக் கூப்பிடுங்கள்.

• வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க விடாதீர்கள். எல்லாவற்றையும் தவிர்த்தால் மூளைக்குப் புதிய பாடம் கிடைக்காது. அவர் சம்மதித்தால், கூட்டம் குறைந்த காலை வேளையில் பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை இன்னும் சற்று நேரம் இருக்கலாம்.

• தூக்கத்துக்காக மது அருந்துவதை ஊக்குவிக்கக் கூடாது. மது முதலில் தூங்கவைத்தாலும் பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

ஒரு மாதத்துக்கு மேலும் இந்த அறிகுறிகள் நீடித்து, வேலையையும் உறவையும் பாதித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயிற்சி பெற்ற நிபுணரின் துணையோடு அந்த நினைவுகளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளும் மனநலச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது, மருந்துகளும் உள்ளன. சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை எண் 15555. "வாழப் பிடிக்கவில்லை" என்று அண்ணன் சொன்னால் அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாதீர்கள். உடனே பெற்றோரிடம் சொல்லுங்கள். ஆபத்து என்றால் 999ஐ அழையுங்கள்.

அண்ணனைக் குணப்படுத்துவது உங்கள் பொறுப்பல்ல. அவருடைய கோபத்துக்கு நீங்கள் காரணமும் அல்ல. உங்களுக்குப் பாரமாக இருந்தால் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் பேசுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதிர்ச்சிக்குப் பிறகு சுற்றியிருப்பவர்களின் ஆதரவு கிடைத்தவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. தினமும் ஒரே நேரத்தில் சேர்ந்து சாப்பிடுவதும் அந்த ஆதரவில் சேரும்.