ஈறு நோய்: கிருமியைக் காக்கும் வழுக்கு உறை

ஆழ்வார்திருநகரியில் பிறக்கும் குழந்தைக்கு 6, 10, 14ஆம் வாரங்களில் பென்டாவேலன்ட் தடுப்பூசி போடுகிறார்கள். அதே வீட்டில் தாத்தாவுக்குப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசியலாம். இந்த இரண்டிலும் பங்குள்ள ஒன்று, சில பாக்டீரியாக்கள் மேலே போர்த்தியிருக்கும் சர்க்கரை உறை.

உறை என்ன செய்கிறது?

ஊறிய சப்ஜா விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பைப் போன்றது இது. விழுங்க வரும் வெள்ளையணுக்களின் பிடிக்குக் கிருமி எளிதில் சிக்காது. 1928இல் பிரிட்டன் விஞ்ஞானி பிரெடரிக் கிரிஃபித், நிமோனியா கிருமியை எலிகளுக்குச் செலுத்தினார். உறையுள்ள வகை எலிகளைக் கொன்றது. உறையற்ற வகை கொல்லவில்லை.

வாயில் என்ன நடக்கிறது?

ஈறு நோயின் முக்கியக் கிருமிகளில் ஒன்று போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே, காற்றுப் புகாத இடுக்கில் வாழும். இதன் உறையில் குறைந்தது 6 வகைகள் உண்டு. உறையில்லாத வகைகளும் இருக்கின்றன. அவற்றில் சில ஈறு செல்களில் நன்றாக ஒட்டும். உறையுள்ளவையோ, எலி ஆய்வுகளில் திசுவுக்குள் அதிகம் பரவின. வெள்ளையணுக்களிடமிருந்து கிருமி தப்பத் தப்ப அழற்சி நீள்கிறது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, பல் ஆடத் தொடங்குகிறது. புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும், கூடவே வாழும் பிற கிருமிகளும் இந்தச் சேதத்தில் சேர்ந்துகொள்கின்றன.

தடுப்பூசி உண்டா?

கிருமியைக் காக்கும் உறையை வைத்தே அதை வீழ்த்தவும் முடியும். மூளைக்காய்ச்சல் தரும் ஹிப் கிருமியின் உறைச் சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்து உருவாக்கிய பகுதி, பென்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது. 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் இந்த ஊசித் திட்டத்தைத் தொடங்கிய மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும். நிமோனியா கிருமிக்கு எதிரான ஊசி 2021இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஈறு நோய்க்கோ தடுப்பூசி இன்னும் வரவில்லை. காரணம், உறையிலேயே பல வகை. நோயை உண்டாக்குவதும் ஒரே கிருமியல்ல.

நாம் செய்ய வேண்டியது

வெள்ளையணுவை ஏமாற்றும் உறை பிரஷ்ஷை ஏமாற்றாது. காலையும் இரவும் துலக்கினால் பல்லில் படியும் கிருமிப் படலம் கலையும். அது கெட்டிப்பட்டுக் காரையாகிவிட்டால் பல் மருத்துவர்தான் அகற்ற வேண்டும். காரையை எடுத்தால் பல் ஆடும் என்ற அச்சம் வேண்டாம். பல்லை ஆட்டுவது ஈறு நோய்தான். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் இன்னும் முற்றும். திருநெல்வேலி, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. ஈறில் ரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். பல் ஆடும்வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.