கம்பிக்கு வெளியே – 7: மனு நாள்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய தலம். இந்த ஊர்ப் பதிகத்துக்கு வினை தீர்க்கும் பதிகம் என்றே பெயர். சிறைக்குப் போனவன் வீட்டைப் பற்றிப் பேசும்போதும் நம் ஊர்களில் இதே சொல்தான் முதலில் வருகிறது: "என்ன செய்ய, அவங்க வினை." இந்த வாரம் அந்தப் பேச்சை மறுத்துத்தான் எழுதப் போகிறேன்.

சிறைக்குப் போனவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க, முதலில் தறியிலிருந்து தொடங்குகிறேன். காஞ்சிப் பட்டின் பெருமையே கோர்வைதான். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று தனித்தனி ஊடையில் நெய்து, பிரிக்க முடியாதபடி இரண்டையும் கோர்ப்பது. அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். தறியில் உட்கார்ந்து நெய்கிறவர் ஒருவர். பக்கத்திலிருந்து கரை நாடாவைத் தள்ளிக்கொடுக்க இன்னொருவர். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி, இல்லாவிட்டால் பிள்ளை. இப்படி ஒரு வீட்டில் கணவனைப் போலீஸ் அழைத்துப் போய் நீதிமன்றக் காவலில் வைத்தால், அன்றைக்கே கோர்வை நின்றுவிடும். பாவு முதலாளியுடையது அல்லது கூட்டுறவுச் சங்கத்துடையது. சேலை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. வாங்கிய முன்பணமோ அப்படியே நிற்கும்.

அடுத்து வருகிறது மனு. சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதற்கு அரசு வைத்திருக்கும் பெயர் நேர்காணல். குடும்பங்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "நாளைக்கு மனு பார்க்கப் போறேன்" என்பார்கள். பெற்ற பிள்ளையைப் பார்ப்பதற்கும் மனு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

மாகறலில் இருக்கும் ஒரு பெண் வேலூர் மத்திய சிறைக்கு மனு பார்க்கப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருட்டோடு எழுந்து காஞ்சிபுரம் பேருந்து நிலையம். நகரப் பேருந்து கிடைத்தால் டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம். 2021 முதல் பெண்களுக்கு அதில் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கிருந்து வேலூருக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர், காசு கொடுத்துத்தான் போக வேண்டும். புழல் சிறை என்றாலும் தூரம் அதைவிடக் குறைவில்லை. கையில் ஆதார், பழம், பிஸ்கட், கேண்டீன் கணக்கில் கட்டப் பணம். பெயர் கொடுத்து, சோதனை முடிந்து, வரிசையில் நின்று உள்ளே போனால் நடுவில் கம்பி வலை. ஒரே நேரத்தில் பத்து இருபது குடும்பங்கள் பேசும். பக்கத்தில் நிற்பவரின் அழுகையை மீறி, "வக்கீல் என்ன சொன்னார்?" என்று கத்திக் கேட்க வேண்டும். கண்ணாடித் தடுப்பும் தொலைபேசியும் வந்துவிட்ட சிறைகளில் கத்த வேண்டியதில்லை. ஆனால் அங்கேயும் குழந்தையின் கை அப்பன் கையைத் தொட முடியாது. சில நிமிடங்களில் மணி அடிக்கும். அந்தச் சில நிமிடத்துக்கு ஒரு முழு நாள் கூலி போயிருக்கும்.

இந்த வழியில் முப்பது ஆண்டு நடந்த ஒரு தாயைத் தமிழ்நாடு அறியும். ஜோலார்பேட்டை அற்புதம்மாள். 1991 ஜூன் 11 அன்று, ராஜீவ் காந்தி கொலை வழக்கில், விசாரித்துவிட்டு மறுநாள் அனுப்பிவிடுகிறோம் என்று சொல்லித்தான் 19 வயது பேரறிவாளனை அழைத்துப் போனார்கள் என்று அவர் மேடைக்கு மேடை சொன்னார். 1998இல் பூந்தமல்லி தடா நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. துணிப்பையோடு அந்த அம்மா சிறைவாசலுக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தார். வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராசன், பேரறிவாளன் சொன்னதை முழுமையாக எழுதவில்லை என்று 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். முதல் பரோல் கிடைத்தது 2017 ஆகஸ்டில், நோயுற்ற தந்தையைப் பார்க்க. போகும்போது 19 வயது. வீட்டு வாசலை மறுபடி மிதிக்க 26 ஆண்டு ஆனது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம், அரசமைப்புச் சட்டத்தின் 142ஆவது பிரிவைக் கொண்டு அவரை விடுவித்தது.

இந்த வழக்கு காஞ்சிபுரத்தையும் தொட்டது. பேரறிவாளன், அதே வழக்கில் மரண தண்டனை பெற்ற முருகன், சாந்தன் மூவரையும் 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கிலிட நாள் குறித்திருந்தார்கள். அதைத் தடுக்க வேண்டும் என்று, ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தன் உயிரையே கொடுத்துவிட்டார். அந்தச் சாவு நடந்திருக்கவே கூடாது. வாழ வேண்டிய பிள்ளை. இரண்டே நாளில், ஆகஸ்ட் 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் தூக்குக்குத் தடை விதித்தது. 2014இல் மூவர் தண்டனையும் ஆயுளாகக் குறைந்தது.

சிறையில் இருப்பவரைக் குடும்பம் பார்ப்பது சலுகையா, உரிமையா? இந்தக் கேள்விக்கு 1981லேயே விடை கிடைத்துவிட்டது. திகார் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த பிரான்சிஸ் கோரலி முல்லின் என்ற பெண், தன் ஐந்து வயது மகளை மாதம் ஒரு முறைதான் பார்க்கலாம் என்ற விதியை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். நீதிபதி பகவதி அமர்வு அந்த விதியை ரத்து செய்தது. குடும்பத்தைச் சந்திப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும், வாரம் இரண்டு முறையாவது பார்க்க விட வேண்டும் என்றது தீர்ப்பு. உரிமை என்று எழுதியாகிவிட்டது. அந்த உரிமையை எடுத்துக்கொள்ளப் பேருந்துக் காசு இல்லாதவளுக்கு அந்தத் தீர்ப்பு என்ன செய்தது? கொரோனாவில் மனு நின்றபோது சிறைக்குள்ளிருந்தே வீடியோவில் பேச வைத்தார்கள். மனம் வைத்தால் முடியும் என்று அப்போது தெரிந்ததல்லவா? வாரம் ஒரு வீடியோ அழைப்பை மாகறலில் இருக்கும் தாய்க்கு உறுதியாகத் தருவதில் என்ன தடை?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று யாரும் இன்னும் சொல்லாதவர்கள். தண்டனை பெற்றவருக்காவது தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டு விதிகளின்படி விடுப்பு உண்டு. விசாரணைக் கைதிக்கு அதுவும் இல்லை. அப்பன் இறந்தால் கொள்ளி வைக்கவும் நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி வர வேண்டும். வக்கீலைப் பிடித்து உத்தரவு வாங்குவதற்குள் இங்கே பிணத்தை எடுத்துவிடுவார்கள். தண்டனை பெற்றவனைவிடப் பெறாதவன் வீட்டுக்குத்தான் கதவு இறுக்கமாக மூடியிருக்கிறது. இதில் வினை எங்கே இருக்கிறது? இது விதி எழுதியவர்கள் மாற்றி எழுத வேண்டிய விதி.

மனு பார்க்கப் போகும் அம்மாக்களுக்கும் அண்ணிகளுக்கும் இரண்டு செய்தி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவைக் கேட்டு வாங்குங்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், தன் மீது சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் பிணைப் பத்திரத்தில் விடுவிக்க வேண்டும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றத்துக்கும், வேறு வழக்கு நிலுவையில் இருப்பவருக்கும் இது பொருந்தாது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்று தாலியை அடகு வைக்காதீர்கள். காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று கேட்காமல், இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். போக முடியாவிட்டால் கூப்பிட வேண்டிய எண் 15100.

(தொடரும்)