எந்த அட்டையை மூடுவது?

ஒரு பாத்திரத்தில் உப்பு நீர் இருக்கிறது. ஒரு சிட்டிகை உப்புக்கூடச் சேர்க்காமல் அதன் கரிப்பை அதிகமாக்க முடியுமா?

முடியும். அடுப்பில் வைத்துச் சற்று நேரம் கொதிக்க விடுங்கள். நீர் ஆவியாகிக் குறையும். உப்பு அப்படியே இருக்கும். ஆறிய பிறகு நாக்கில் வைத்துப் பார்த்தால் முன்னைவிடக் கரிக்கும். இதைத்தான் வேதியியல் பாடத்தில் செறிவு என்று படிக்கிறீர்கள். செறிவு என்பது ஒரு பின்னம். மேலே உள்ள எண் மாறாமல் இருந்தாலும், கீழே உள்ள எண் குறைந்தால் பின்னம் பெரிதாகிவிடும்.

இந்த எளிய உண்மை பாத்திரத்துக்குள் மட்டும் அடங்கியதல்ல. உங்கள் அப்பா அல்லது அம்மாவின் கைப்பையில் இருக்கும் கடன் அட்டைகளுக்கும் இது பொருந்தும். எப்படி என்று பார்ப்போமா?

அட்டைகள் பெருகிய கதை

நம் நாட்டில் கிரெடிட் கார்டு என்னும் கடன் அட்டையை முதன்முதலாக வெளியிட்ட வங்கி சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா, ஆண்டு 1980. அதே 1980-இல்தான் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து டிவிஎஸ் 50 என்ற, இருவர் அமர்ந்து செல்லும் மொபெட் வெளிவந்தது. சிப்காட் தொழிற்பேட்டையும் அசோக் லேலண்டு, டைட்டன் போன்ற ஆலைகளும் ஓசூரை ஒரு தொழில் நகரமாக்கின. இன்று ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி வரை தொழிற்சாலைகள் பரவியுள்ளன. மறுபக்கம் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூர்.

இத்தகைய ஊரில் மாதச் சம்பளக்காரர்கள் அதிகம். வேலை மாறினால் சம்பளக் கணக்கும் வேறு வங்கிக்கு மாறுகிறது. புதிய வங்கி ஓர் அட்டையை நீட்டுகிறது. பெட்ரோல் போட ஓர் அட்டை, பொருள் வாங்க ஓர் அட்டை என்று மேலும் சில சேர்கின்றன. சில ஆண்டுகளில் நான்கைந்து அட்டைகள் கையில் இருக்கும். ‘இத்தனை எதற்கு? சிலவற்றை மூடிவிடலாம்’ என்று ஒருநாள் வீட்டில் பேச்சு எழும். எண்ணம் நல்லதுதான். ஆனால் எதை மூடுவது, எப்போது மூடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

உப்பும் நீரும்

கடன் அட்டை ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. ‘லிமிட்’ என்று வழக்கில் சொல்லும் இதனைக் கடன் வரம்பு என்போம். எல்லா அட்டைகளிலும் உள்ள பாக்கியைக் கூட்டி, எல்லா வரம்புகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது பயன்பாட்டு விகிதம். பாக்கிதான் உப்பு, வரம்புதான் நீர்.

இந்த விகிதத்தை யார் பார்க்கிறார்கள்? நாளை வீடு கட்டவோ உங்கள் கல்லூரிப் படிப்புக்கோ கடன் கேட்டுப் போனால், வங்கி முதலில் கடன் தகவல் நிறுவனங்களைத்தான் கேட்கும். சிபில் என்று நாம் கேள்விப்படும் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இதுபோல் மேலும் மூன்று நிறுவனங்கள் உள்ளன. கடன் பெற்றவர் தவணைகளை ஒழுங்காகச் செலுத்தினாரா, வரம்பில் எவ்வளவு பயன்படுத்தினார், எத்தனை காலமாகக் கணக்கு வைத்திருக்கிறார், அண்மையில் எத்தனை இடங்களில் கடன் கேட்டார் என்பவற்றையெல்லாம் கணக்கிட்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் தருகிறார்கள். சூத்திரம் முழுவதையும் அவர்கள் வெளியிடுவதில்லை. எனினும், வரம்பை ஒட்டிக் கடன் வாங்குபவர் பண நெருக்கடியில் இருக்கக்கூடும் என்பது அவர்களது கணிப்பு. ஆகவே விகிதம் ஏறினால் மதிப்பெண் இறங்க இடமுண்டு. விகிதம் 30 சதவிகிதத்துக்குள் இருப்பது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். இது சட்டமல்ல, ஒரு வழிகாட்டி எண்.

தாளில் ஒரு சோதனை

ஓசூரில் வேலை பார்க்கும் ஒருவரிடம் ஐந்து அட்டைகள் இருப்பதாக வைத்துக் கொள்வோம்.

முதல் அட்டை: 2012-இல் வாங்கியது. வரம்பு ரூ. 40,000. பாக்கி இல்லை. ஆண்டுக் கட்டணம் இல்லை.

இரண்டாம் அட்டை: 2016-இல் வாங்கியது. வரம்பு ரூ. 60,000. பாக்கி ரூ. 30,000. ஆண்டுக் கட்டணம் ரூ. 500.

மூன்றாம் அட்டை: 2019-இல் வாங்கிய பெட்ரோல் அட்டை. வரம்பு ரூ. 50,000. பாக்கி ரூ. 6,000. ஆண்டுக் கட்டணம் ரூ. 500.

நான்காம் அட்டை: 2021-இல் வாங்கியது. வரம்பு ரூ. 1,00,000. பாக்கி ரூ. 24,000. ஆண்டுக் கட்டணம் இல்லை.

ஐந்தாம் அட்டை: 2023-இல் வாங்கியது. வரம்பு ரூ. 1,50,000. பாக்கி இல்லை. ஆண்டுக் கட்டணம் ரூ. 3,000.

மொத்த வரம்பு ரூ. 4,00,000. மொத்தப் பாக்கி ரூ. 60,000. விகிதம் 15 சதவிகிதம்.

இவர் என்ன நினைப்பார்? ‘பாக்கி இல்லாத அட்டைகளை மூடுவது சுலபம். முதலில் அவற்றை முடித்துவிடலாம்’ என்று நினைப்பார். ஐந்தாம் அட்டையை மூடுகிறார். வரம்பு ரூ. 2,50,000 ஆகிறது, பாக்கியோ அதே ரூ. 60,000. விகிதம் 24. அடுத்து முதல் அட்டையையும் மூடுகிறார். வரம்பு ரூ. 2,10,000, விகிதம் 28.6. பிறகு ரூ. 6,000 கட்டிவிட்டுப் பெட்ரோல் அட்டையையும் மூடுகிறார். பாக்கி ரூ. 54,000, வரம்பு ரூ. 1,60,000. விகிதம் 33.75!

கவனித்தீர்களா? இவர் புதிதாக ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கவில்லை, உண்மையில் ரூ. 6,000 கட்டியிருக்கிறார். அப்படியிருந்தும் விகிதம் இரு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. உப்பு இருந்த பாத்திரங்களை விட்டுவிட்டு, நல்ல நீர் இருந்த பாத்திரங்களைக் கவிழ்த்ததன் விளைவு இது. அந்தச் சமயத்தில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

முதலில் உப்பைக் குறைப்போம்

இப்போது அதே சோதனையை வேறு வரிசையில் செய்வோம். தீபாவளி போனஸிலும் சேமிப்பிலும் சேர்த்து ரூ. 40,000 கைக்கு வருவதாகக் கொள்வோம். இரண்டாம் அட்டைக்கு ரூ. 30,000, மூன்றாம் அட்டைக்கு ரூ. 6,000, நான்காம் அட்டைக்கு ரூ. 4,000 கட்டிவிடுகிறார். மீதிப் பாக்கி ரூ. 20,000, அது நான்காம் அட்டையில் மட்டும். விகிதம் 5 சதவிகிதமாக இறங்கிவிட்டது.

இனிக் கட்டணம் வாங்கும் இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் அட்டைகளை மூடட்டும். மிஞ்சுவது முதல், நான்காம் அட்டைகள். வரம்பு ரூ. 1,40,000, பாக்கி ரூ. 20,000, விகிதம் 14.3. ஐந்து அட்டைகள் இரண்டாகிவிட்டன. விகிதமோ தொடக்கத்தில் இருந்த 15-ஐவிடச் சற்றுக் குறைவுதான்!

பாக்கியை முதலில் தீர்க்கச் சொல்வதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மாதப் பட்டியலில் கண்ட தொகையை முழுவதும் கட்டினால், சுமார் 20 முதல் 50 நாட்கள் வரை வட்டியில்லாக் கடன். ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டினால் அந்தச் சலுகை போய்விடும். புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாத வட்டி 3.5 சதவிகிதம் என்று கொள்வோம். சிறிய எண்ணாகத் தோன்றுகிறதல்லவா? கட்டாமல் விட்ட கடன் இந்த வேகத்தில் ஏறத்தாழ 20 மாதங்களில் இரட்டித்துவிடும். கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையும் காலத்தை அரை ஆயுள் என்கிறோம். கடன் அட்டைப் பாக்கிக்கு இருப்பது இரட்டிப்பு ஆயுள்!

இன்னொரு கணக்கு. ரூ. 40,000 பாக்கிக்கு ஒரு மாத வட்டி ரூ. 1,400. அதன்மேல் 18 சதவிகிதச் சரக்கு, சேவை வரி ரூ. 252. ஆக ரூ. 1,652, மூன்று மாதத்துக்கு ரூ. 4,956. மூடிய மூன்று அட்டைகளின் ஓராண்டுக் கட்டணமோ வரியுடன் ரூ. 4,720. அதாவது மூன்று மாத வட்டி, ஓராண்டுக் கட்டணத்தையே விழுங்கிவிடும். அட்டைகளின் எண்ணிக்கையைவிடப் பாக்கிதான் பெரிய சுமை என்பது இதிலிருந்து விளங்கும்.

நான்கு கேள்விகள்

பாக்கி தீர்ந்ததும் ஒவ்வோர் அட்டையையும் எடுத்து வைத்துக் கொண்டு நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: கட்டணத்துக்கு ஏற்ற பயன் உண்டா? பெட்ரோல் அட்டை மாதம் 30 ரூபாய் மிச்சப்படுத்துகிறது என்றால் ஆண்டுக்கு ரூ. 360. கட்டணம் வரியுடன் ரூ. 590. ஆக நஷ்டம் ரூ. 230. அதுவும் குறிப்பிட்ட நிறுவனத்தின் பங்க்கில் போட்டால்தான் அந்த மிச்சம். விமான நிலையத்தில் இலவச ஓய்வறை தருகிறது என்பதற்காக ரூ. 3,000 கட்டும் ஒருவர், ஆண்டுக்கு ஒருமுறையாவது விமானம் ஏறுகிறாரா என்று கேட்டுக் கொள்ள வேண்டும்.

இரண்டு: இதன் வயது என்ன? பழைய அட்டை, நெடுங்காலம் ஒழுங்காகப் பணம் கட்டியதற்குச் சாட்சி. கட்டணமில்லாத பழைய அட்டையை வைத்துக் கொள்வதே மேல்.

மூன்று: இதன் வரம்பு தனி வரம்பா, கூட்டு வரம்பா? ஒரே வங்கியின் இரண்டு அட்டைகளுக்குப் பல சமயம் ஒரே வரம்புதான் இருக்கும். இரண்டு குழாய்கள், ஒரே தொட்டி என்பதுபோல. அப்போது ஒன்றை மூடினாலும் மொத்த வரம்பு குறையாது.

நான்கு: இதனுடன் எவை பிணைக்கப்பட்டுள்ளன? மின் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம், கைபேசிக் கட்டணம் முதலியவை தாமாகவே இந்த அட்டையிலிருந்து போகலாம். அத்திப்பள்ளி சுங்கச் சாவடியைத் தினமும் தாண்டுபவரின் ஃபாஸ்டேக் கணக்கும் இதிலிருந்தே நிரப்பப்படலாம். அவற்றை வேறு அட்டைக்கு மாற்றிய பிறகே மூட வேண்டும்.

கத்தரித்தால் போதுமா?

சிலர் அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிவிட்டு, ‘தொலைந்தது’ என்று நிம்மதி அடைவார்கள். அட்டை என்பது சாவி. கணக்கு என்பது அறை. சாவியை உடைத்தால் அறை இல்லாமல் போய்விடுமா? ஆண்டுக் கட்டணம் வந்து விழும். அதைக் கட்டாததற்குத் தாமதக் கட்டணம் ஏறும். கடைசியில் அது கடன் அறிக்கையிலும் இடம்பெறும்.

முறைப்படி மூடுவது கடினமல்ல. ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்டு அவ்வாண்டு ஜூலை முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, பாக்கி இல்லாதவர் கேட்டுக் கொண்டால் ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி அட்டைக் கணக்கை மூடித் தகவல் தெரிவிக்க வேண்டும். தவறினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 500 வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். தபாலில்தான் எழுத வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. தொலைபேசி, மின்னஞ்சல், வங்கிச் செயலி எதிலும் கேட்கலாம். சேர்ந்த பரிசுப் புள்ளிகளை முன்னதாகவே பயன்படுத்திவிட வேண்டும். மூடியதற்கான செய்தியைப் பத்திரமாக வைத்துக் கொள்ள வேண்டும்.

அதே விதிகளில் மற்றொன்றும் உண்டு. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத அட்டையை, உரியவருக்குத் தெரிவித்து 30 நாட்களில் பதில் வராவிட்டால், வங்கியே மூடிவிடலாம். ஆகவே வைத்துக் கொள்ள முடிவு செய்த பழைய அட்டையில் அவ்வப்போது சிறு தொகைக்கு ஏதேனும் வாங்கி, உடனே முழுவதும் கட்டிவிட வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையைப் பார்த்து, மூடிய கணக்கு ‘மூடப்பட்டது’ என்றே பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்க்கலாம். ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வேளை நெருங்கியிருந்தால், கடன் கைக்கு வரும்வரை அட்டைகளை மூடாமல் பொறுத்திருப்பது நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

பெற்றோரின் அனுமதியுடன் ஒரு தாளில் ஐந்து பத்திகள் வரையுங்கள்: வாங்கிய ஆண்டு, வரம்பு, பாக்கி, ஆண்டுக் கட்டணம், பயன். அட்டையின் எண், பின்புறமுள்ள மூன்று இலக்கம், இரகசிய எண் ஆகியவற்றை எழுதவே கூடாது. கணக்குக்கு அவை தேவையுமில்லை. பிறகு ஒவ்வோர் அட்டையாக நீக்கி விகிதத்தைக் கணக்கிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை என்பது ஆய்வுக்கூடத்தின் முதல் விதியல்லவா?

அதற்குமுன் ஒரு பயிற்சி. நான்கு அட்டைகளின் வரம்புகள் ரூ. 20,000, ரூ. 50,000, ரூ. 80,000, ரூ. 1,50,000. கடைசி அட்டையில் மட்டும் ரூ. 45,000 பாக்கி. முதல் மூன்றில் இரண்டை மூட வேண்டும். விகிதம் 20 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. எந்த இரண்டை மூடலாம்? முதலில் ரூ. 15,000 கட்டிவிட்டால் விடை எப்படி மாறுகிறது?