சைடுகாரில் நாய்: பயிற்சியும் பாதுகாப்பும்

மோட்டார் சைக்கிளின் ஒரு பக்கத்தில் இரும்புச் சட்டத்தால் உறுதியாகப் பிணைக்கப்பட்டு, தனக்கென ஒற்றைச் சக்கரத்துடன் ஓடும் சிறு இருக்கைப் பெட்டி சைடுகார் எனப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பரவத் தொடங்கிய இவ்வமைப்பு, கார் வாங்க இயலாத குடும்பங்களின் ஊர்தியாகப் பல பத்தாண்டுகள் நிலைத்திருந்து, 1959-இல் அறிமுகமான மினி போன்ற விலை குறைந்த சிறு கார்கள் பெருகிய பிறகு பெரும்பாலும் வழக்கொழிந்தது. ஆயினும் அது முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1912-இல் தொடங்கப்பட்ட வாட்சோனியன் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் சைடுகார்கள், சென்னையில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு வண்டிகளோடும் இணைந்து இங்கிலாந்துச் சாலைகளில் ஓடியிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் படைக்காக உருவாக்கப்பட்ட எம்-72 என்னும் வண்டியின் வழிவந்த ரஷ்ய உரால் வண்டிகள், அமெரிக்காவில் நாயுடன் பயணம் செய்ய விரும்புவோரிடையே தனி மதிப்பைப் பெற்றுள்ளன.

சைடுகாரில் அமரும் மனிதர், முன்னால் வளைவு வருவதைக் கண்டு உடலைச் சாய்த்துக் கொடுக்க அறிந்தவர். அதில் ஏற்றிக் கட்டப்படும் சுமையோ, கட்டிய இடத்தில் அசையாமல் கிடப்பது. நாய் இவ்விரு வகையிலும் சேராது. சாலையின் போக்கை முன்கூட்டி உணர இயலாததாகவும், அதே வேளையில் தன் விருப்பப்படி எழவும் திரும்பவும் தாவவும் கூடியதாகவும் இருக்கும் உயிருள்ள எடை அது. எனவே நாயைப் பாதுகாப்பாக அழைத்துச் செல்வதற்கான ஏற்பாடுகளில் மிகப் பெரிய பகுதி, எஞ்சின் முடுக்கப்படுவதற்கு நெடுநாள் முன்பே, ஓட்டுநரின் பழக்கத்திலும் நாயின் பயிற்சியிலும் முடிந்திருக்க வேண்டும்.

வண்டியின் இயல்பு

இரு சக்கர வண்டி வளைவில் உள்பக்கம் சாய்ந்து திரும்புகிறது. சைடுகார் பொருத்திய வண்டி அவ்வாறு சாய்வதில்லை. இடப்பக்கமாகச் செல்லும் இந்தியா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் சைடுகார் இடப்பக்கத்திலும், வலப்பக்கமாகச் செல்லும் அமெரிக்கா, ஜெர்மனி போன்ற நாடுகளில் வலப்பக்கத்திலும் அமைகிறது. இடப்பக்கச் சைடுகாருடன் இடப்புறம் வேகமாகத் திரும்பும்போது, வளைவின் வெளிப்புறத்தை நோக்கி எழும் விசை சைடுகாரின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க முற்படுகிறது. வேகத்தைக் கூட்டும்போது சைடுகார் பின்தங்குவதால் வண்டி அதன் பக்கமாக இழுபடுகிறது. சைடுகாருக்குத் தனி பிரேக் இல்லாத வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சைடுகார் முன்னேற முயல்வதால் வண்டி எதிர்ப்பக்கமாகத் திரும்பப் பார்க்கிறது.

இந்த இழுவைகள் அனைத்தும் சைடுகாரில் உள்ள எடையைப் பொறுத்து மாறுபடுகின்றன. 30 கிலோ எடையுள்ள நாய் தாழ்வாகப் படுத்திருந்தால் வண்டியின் நிலைப்பு கூடுகிறது. அதே நாய் திருப்பத்தின் நடுவில் எழுந்து ஓட்டுநரின் பக்கம் சாய்ந்தால், அந்நிலைப்பு தேவைப்படும் நேரத்திலேயே குறைந்துபோகிறது. ஆகவே, புதிதாக ஓட்டக் கற்பவர் முதலில் நாயின் எடைக்கு ஈடான மணல் மூட்டையைச் சைடுகாரின் தரையோடு கட்டிவைத்து, ஆளற்ற திடலில் இரு பக்கத் திருப்பங்களையும் திடீர் நிறுத்தங்களையும் பலமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறும் சைடுகார் எளிதில் மேலெழும் என்பதால், நாய் உடன் வராத நாட்களிலும் அம்மூட்டை அங்கேயே இருப்பது நல்லது.

படிப்படியான பயிற்சி

நாய்க்குட்டிகள் பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை புதிய ஒலிகளையும் பொருட்களையும் மனிதர்களையும் அச்சமின்றி ஏற்றுக்கொள்ளும் பருவத்தில் இருக்கின்றன. இப்பருவத்தில் நிறுத்தி வைத்த வண்டியை முகர்ந்து பழகிய குட்டிக்குப் பிற்காலப் பயிற்சி எளிதாகிறது. ஆயினும் வளர்ந்த நாய்களும் பொறுமையுடன் பழக்கினால் கற்றுக்கொள்ளும். அஞ்சும் பொருளை மிகக் குறைந்த அளவில் காட்டி, அதனுடன் பிடித்த உணவை இணைத்து, நாய் அமைதியாக இருக்கும்போது மட்டும் அளவைக் கூட்டிச் செல்வதே விலங்குப் பயிற்சியாளர்கள் பரவலாகக் கையாளும் முறையாகும். மணி ஒலியை உணவோடு இணைத்துக் கேட்ட நாய்களுக்கு, பின்னர் ஒலி கேட்ட அளவிலேயே உமிழ்நீர் சுரந்ததைக் கண்டறிந்த ரஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லோவின் ஆய்வுகள் இம்முறைக்கு அடிப்படையாக அமைந்தவை.

முதற்படியில் எஞ்சின் அணைக்கப்பட்டு, வண்டி நகராதபடி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். நாய் வழக்கமாகப் படுக்கும் விரிப்பைச் சைடுகாரில் இட்டு, அதனுள் தானே ஏறும்படி உணவு காட்டி அழைத்து, ஏறியதும் பாராட்டிச் சற்று நேரத்தில் இறக்கிவிட வேண்டும். தூக்கி உள்ளே வைத்து அழுத்திப் பிடிப்பது தொடக்கத்திலேயே அச்சத்தை விதைத்துவிடும். ஏறுவதும் இறங்குவதும் எப்போதும் சாலையோரப் பக்கமாகவே நிகழ வேண்டும். இதே நாட்களில், பயணத்தின்போது நாய் அணிய வேண்டிய மார்புப் பட்டையையும் கண்காப்புக் கண்ணாடியையும் வீட்டிற்குள் உணவு வேளையில் சில நிமிடங்கள் அணிவித்துப் பழக்கலாம்.

இரண்டாம் படியில், ‘உட்கார்’, ‘இரு’ என்னும் கட்டளைகளுக்குச் சைடுகாருக்குள் கீழ்ப்படியவும், ‘இறங்கு’ என்னும் சொல் கேட்கும் வரை வெளியேறாமல் இருக்கவும் நாய் கற்க வேண்டும். பயிற்சி முழுவதிலும் இன்றியமையாதது இந்த இறங்கும் சொல்லே ஆகும். சிக்னலில் நிற்கும் வண்டியிலிருந்து தெருநாயைக் கண்டு தாவாமல் இருக்கும் பழக்கம் இதிலிருந்தே உருவாகிறது. வீட்டில் உள்ள அனைவரும் இதற்கு ஒரே சொல்லைப் பயன்படுத்துவது அவசியம்.

அடுத்து எஞ்சின் ஒலி. ஒருவர் தொலைவில் எஞ்சினை ஓடவிட, மற்றொருவர் நாய்க்கு உணவளித்தபடி நாள்தோறும் சிறிது சிறிதாக அருகே அழைத்து வருவது சிறந்த வழி. ஒலிக்குப் பழகிய பின்னர், எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைக் கையால் சில அடி தள்ளி அசைவைப் பழக்கி, அதன் பிறகே ஆளற்ற இடத்தில் நடை வேகத்தில் ஓட்டத் தொடங்கலாம். முதல் ஓட்டங்கள் சில நிமிடங்களில் முடிந்து, நாய் விரும்பும் ஓர் இடத்தில் நிறைவுறுமாயின், வண்டியை அது இன்பத்தோடு இணைத்து நினைவில் கொள்ளும்.

இதழை அடிக்கடி நக்குதல், காரணமின்றிக் கொட்டாவி விடுதல், வாலைக் கால்களுக்கிடையே மடக்குதல், கண்ணின் வெண்பகுதி தெரியப் பார்த்தல், விருப்பமான உணவையும் மறுத்தல் ஆகியவை நாயின் மனஅழுத்தத்தைக் காட்டும் அறிகுறிகள். எச்சில் ஒழுகுவதும் வாந்தியும் பயணக் குமட்டலைக் குறிக்கலாம். உள்செவியின் சமநிலை உறுப்புகள் முழு வளர்ச்சி பெறாத குட்டிகளிடம் இது மிகுதி. இவற்றுள் எது தென்பட்டாலும் முந்தைய படிக்குத் திரும்புவதே முறை. குமட்டல் நீடித்தால் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.

பிணைக்கும் முறை

கழுத்துப்பட்டையில் கயிற்றைக் கட்டி நாயைச் சைடுகாரில் ஏற்றுவது ஆபத்தானது. நாய் வெளியே தாவினாலோ வண்டி திடீரென நின்றாலோ முழு விசையும் குரல்வளையின் மேல் விழும். மார்பையும் தோள்களையும் சுற்றி அணிவிக்கப்படும், ஹார்னஸ் என வழங்கும் அகன்ற பட்டையே இதற்கு ஏற்றது. அது விசையை உடலின் வலிய பகுதிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. பட்டையிலிருந்து செல்லும் வார், சைடுகாரின் மெல்லிய உடற்கூட்டில் அல்லாமல், அடியிலுள்ள இரும்புச் சட்டத்தோடு போல்ட்டால் முடுக்கப்பட்ட வளையத்தில் மாட்டப்பட வேண்டும். நாய் உட்காரவும் படுக்கவும் திரும்பவும் போதுமானதாகவும், முன்கால்களைப் பெட்டியின் விளிம்புக்கு வெளியே வைக்க இடந்தராததாகவும் வாரின் நீளம் அமைவது சரியான அளவாகும். இரு பக்கமும் ஒவ்வொரு வார் இருந்தால், ஓட்டுநரின் கைப்பிடியை நோக்கியோ சாலையை நோக்கியோ நாய் சாய்வது தடுக்கப்படும். வாரைக் கழற்றிய பின்னரே இறங்கும் சொல் சொல்லப்பட வேண்டும்; இல்லையேல் நாய் வாரில் தொங்க நேரிடும். நகங்கள் வழுக்கும் தரை நாய்க்கு அச்சமூட்டும் என்பதால், சொரசொரப்பான ரப்பர் விரிப்பு தேவை.

கண், காது, வெப்பம்

நாய்களுக்குக் கண்ணின் உள்மூலையில் மூன்றாம் இமை எனப்படும் சவ்வு உண்டு. அது கண்ணைத் துடைத்துக் காக்கிறதெனினும், வேகமாக வந்து மோதும் பூச்சி, மணல், சிறு கல் ஆகியவற்றைத் தடுக்கும் வலிமை அதற்கில்லை. முன்கண்ணாடித் தடுப்பும், நாயின் முகவடிவுக்கென்றே செய்யப்படும் பட்டையிட்ட கண்ணாடியும் சேர்ந்தே முழுப் பாதுகாப்பைத் தருகின்றன; அமெரிக்க ராணுவத்தின் பணி நாய்களும் புழுதியிலிருந்து கண்களைக் காக்க இத்தகைய கண்ணாடிகளை அணிந்துள்ளன. மனிதர் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்க, நாய்கள் 45,000 ஹெர்ட்ஸ் அளவு வரை கேட்கவல்லவை. அத்தகைய செவிக்கருகே இரைச்சல் மிகுந்த சைலன்சரைப் பொருத்துவது கொடுமையாகும். காதுகளை மூடும் மென்துணி உறை காற்றின் இரைச்சலை ஓரளவு தணிக்கும்.

எல்லாவற்றினும் கவனம் வேண்டுவது வெப்பம். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. பாதங்களின் அடிப்பகுதியைத் தவிர உடலில் குறிப்பிடத்தக்க வியர்வை சுரக்காததால், நாய் பெரும்பாலும் மூச்சிரைப்பின் மூலமே உடலைக் குளிர்விக்கிறது. உடல் வெப்பம் 41 டிகிரியைக் கடந்தால் உறுப்புகள் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். தாரின் சூடும் எஞ்சினின் சூடும் தாழ்வான சைடுகாரை நேரடியாகத் தாக்குவதால், ஓடும்போது வீசும் காற்றை நம்பி நெரிசலில் சிக்கிக்கொள்வது அபாயகரமானது. தட்டை முகம் கொண்ட பக், புல்டாக் போன்ற இன நாய்களுக்கு மூச்சுப்பாதை குறுகியிருப்பதால் இவ்வாபத்து மேலும் கூடுதல். அதிகாலைப் பயணம், நிழல் தரும் மேல்மூடி, அடிக்கடி நிறுத்திக் குடிநீர் தருதல் ஆகியவை அடிப்படைத் தேவைகள். நாய் கடுமையாக மூச்சிரைத்துத் தள்ளாடினால், உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறி, அதன் பின் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் வரக்கூடும் என்பதால், வயிறு நிறைய உணவளித்த உடனே பயணத்தைத் தொடங்கக் கூடாது.

சட்டமும் கடமையும்

ஓட்டுநரின் கவனத்தைச் சிதறடிக்காதவாறும், திடீரென நிறுத்தினால் அவருக்கோ தமக்கோ காயம் ஏற்படுத்தாதவாறும் வாகனத்திலுள்ள விலங்குகளைத் தக்கபடி பிணைக்க வேண்டும் என இங்கிலாந்தின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 57-ஆம் விதி கூறுகிறது. ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதிகள், உடன் வரும் விலங்கு தம் பார்வைக்கும் செவிப்புலனுக்கும் தடையாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஓட்டுநரிடம் ஒப்படைக்கின்றன. இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துவதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து ஒப்புதல் பெறாமல் சைடுகார் பொருத்துவது முறையன்று.

எத்தகைய பட்டையும் கண்ணாடியும், அஞ்சி நடுங்கும் நாயைப் பாதுகாப்பான பயணியாக்கிவிட முடியாது. சில நாய்கள் வாரங்களில் பழகும். வேறு சில, மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு பழக்கினாலும் ஏற மறுக்கும் நாய்களும் உண்டு. அவ்வாறு மறுக்கும் நாயை வற்புறுத்தாமல் வீட்டில் நிம்மதியாக இருக்க விடுவதும், விரும்பி ஏறும் நாய்க்கு எல்லாப் பாதுகாப்பையும் குறைவின்றிச் செய்து தருவதும் வளர்ப்பவரின் கடமையாகும்.